இருபது ஆண்டுகள் கடைக்கு வராத இசைத்தட்டு: எம்.சி. சோலாரின் ‘ப்ரோஸ் கொம்பா’

பிரெஞ்சு ராப் பாடகரும் கவிஞருமான எம்.சி. சோலார் 1994இல் வெளியிட்ட ‘ப்ரோஸ் கொம்பா’ என்னும் இசைத்தொகுப்பு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எந்தக் கடையிலும் புதிதாகக் கிடைக்காமல் இருந்து, 2021இல்தான் மறுபதிப்பாகத் திரும்பி வந்தது. இசைத்தட்டாக வாங்க விரும்புவோர் வாங்கலாம். இணைய ஒலித்தளங்களிலும் இப்போது கேட்கலாம். பாடல் வரிகளை எழுதி வைத்துக்கொண்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சில வாரங்கள் இதை மீண்டும் மீண்டும் கேட்டேன். பிரெஞ்சு ஓரளவுக்கேனும் தெரிந்த தமிழ் வாசகர் ஒருவர் ராப் இசையில் ஒன்றே ஒன்றை வாங்கிக் கேட்பதென்றால் இதைத்தான் வாங்க வேண்டும் என்பது என் துணிபு. மொழி தெரியாதவருக்கும் இதில் கேட்க நிறைய இருக்கிறது. ஆனால் அவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

சோலாரின் இயற்பெயர் க்ளோட் எம்பராலி. சாட் நாட்டைச் சேர்ந்த பெற்றோருக்கு 1969 மார்ச் 5 அன்று செனகலின் தலைநகரான டக்காரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பிரான்சுக்கு இடம்பெயர்ந்தது. பாரிசின் தெற்குப் புறநகர்ப் பகுதியான வில்நெவ்-சேன்-ஜோர்ஜில் வளர்ந்தார். பன்னிரண்டாம் வயதில் சில மாதங்கள் கெய்ரோவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். அமெரிக்க ஹிப்-ஹாப் அவருக்கு அறிமுகமானது அங்கேதான். அரபுலகின் பெருநகர் ஒன்றில், நியூயார்க்கின் இசையை, பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவன் கண்டெடுத்தான் என்பதை நான் வெறும் வாழ்க்கைக் குறிப்பாகக் கடந்து செல்ல மாட்டேன். இந்தத் தொகுப்பில் எந்த நாட்டுப் பெயரும் எந்தக் காலத்துச் சொல்லும் அந்நியமாக ஒலிக்காமல் இருப்பதற்கு அந்த வளர்ப்பு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அவருடைய முதல் ஒற்றைப் பாடலான ‘பூஜ் த லா’ 1990இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு முதல் தொகுப்பு வந்தது. அதன் தலைப்பிலேயே சோலாரின் முறை முழுவதும் அடங்கியிருக்கிறது. காற்றை விதைத்தவன் புயலை அறுப்பான் என்று பிரெஞ்சில் ஒரு பழமொழி உண்டு. நம்முடைய ‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’ என்பதற்கு உடன்பிறந்தது. புயலுக்கு பிரெஞ்சில் ‘தாம்பெத்’ என்று பெயர். சோலார் அந்தச் சொல்லை வெட்டி ‘டெம்போ’ என்று ஆக்கினார். காற்றை விதைத்தவன் தாளத்தை அறுக்கிறான். மூச்சுக்காற்றை விதைத்துத் தாளம் அறுப்பதுதானே ராப் பாடகனின் தொழில்? ‘ப்ரோஸ் கொம்பா’வும் அப்படிப்பட்டதே. நெருங்கி நின்று கைகலப்பதை, ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கி, பிரெஞ்சுக்காரர்கள் ‘க்ளோஸ் கொம்பா’ என்பார்கள். முதல் சொல்லின் இரண்டு ஒலிகளை மாற்றியவுடன் அது ‘உரைநடைப் போர்’ ஆகிவிடுகிறது.

இந்த இடத்தில் தமிழ் யாப்பு அறிந்தவருக்கு ஒரு தனி வசதி உண்டு. மரபான பிரெஞ்சுச் செய்யுளின் உயிர் அடியின் இறுதியில் இருக்கிறது. நாம் இயைபு என்று சொல்வதுதான் அவர்களுக்கு முதன்மை. அசைகளை எண்ணி அடியை அளப்பார்கள். பன்னிரண்டு அசை கொண்ட அடி அவர்களுடைய செவ்வியல் அடி. நாமோ அடியின் தொடக்கத்தில் மோனையையும் எதுகையையும் வைத்துப் பழகியவர்கள். சோலார் இறுதி இயைபைக் கைவிடுவதில்லை; ‘கொங்குபின்’, ‘எமோக்ளோபின்’ என்று சேர்த்து ஒரு பாடலுக்குத் தலைப்பே வைத்திருக்கிறார். ஆனால் அவர் அதோடு நிற்காமல், அடியின் உள்ளே ஒரே மெய்யொலியை அடுக்கி, சொல்லின் முதலிலும் நடுவிலும் ஒலி திரும்பி வரும்படி செய்கிறார். கேட்கும் தமிழ்ச் செவி அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். மோனைத் தொடையை முதன்முறையாகப் பள்ளியில் கேட்ட நாளின் மகிழ்ச்சி எனக்குத் திரும்பி வந்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பிரெஞ்சுச் சொற்கள் பலவற்றின் ஈற்றில் ஒலி தேய்ந்த உயிர் ஒன்று நிற்கும். பழைய செய்யுளில் மெய்யெழுத்துக்கு முன் அதை ஓர் அசையாக எண்ணுவார்கள்; உயிரெழுத்துக்கு முன் அது மறைந்துவிடும்; பேச்சிலோ பெரும்பாலும் விழுங்கப்படும். நம் குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டால் போதும்: ‘நாடு’ என்பதன் உகரம் ‘நாடெங்கும்’ என்னும்போது காணாமல் போவதைப் போன்றது. ராப் பாடகனுக்கு இந்தத் தேய்ந்த உயிர் ஒரு வரப்பிரசாதம். தாளம் இடம் கேட்டால் ஒலிக்கலாம், கேட்காவிட்டால் விழுங்கலாம். சோலார் இதைக் கையாளும்போது பள்ளியில் படித்த செய்யுளும் தெருவில் பேசும் பேச்சும் ஒரே மூச்சில் மாறி மாறி ஒலிக்கின்றன. ராப் ஆங்கிலத்தின் அழுத்த ஒலிகளுக்கென்றே பிறந்தது, பிரெஞ்சில் அது ஒட்டாது என்று நினைப்பவருக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடையாது.

தொகுப்பு ‘ஒபாத்’ என்னும் முன்னிசையோடு தொடங்குகிறது. விடியற்காலையில் ஒருவர் வாசலில் நின்று இசைக்கும் பாட்டுக்கு பிரெஞ்சு மரபில் அந்தப் பெயர்; நம் பள்ளியெழுச்சிக்கு அயல்வீட்டுக்காரர் எனலாம். அதைத் தொடர்ந்து ‘ஒப்சொலெத்’. வழக்கொழிந்தவற்றைப் பற்றிய இந்தப் பாடலை அவர் குரலை உயர்த்தாமல், ஏறத்தாழப் பேசுவதைப் போலவே சொல்லிச் செல்கிறார். மூன்றாவதாக வருவது ‘நூவோ வெஸ்டெர்ன்’, அதாவது ‘புதிய வெஸ்டர்ன்’. இந்தத் தொகுப்பை வாங்குவதற்கு இந்த ஒரு பாடலே போதுமான காரணம்.

செர்ஜ் கேன்ஸ்பூரும் பிரிஜித் பார்தோவும் 1968இல் சேர்ந்து பாடிய ‘போனி அண்ட் கிளைட்’ பாடலிலிருந்து வெட்டியெடுத்த ஒலித்துண்டு இதன் அடித்தளம். அந்தப் பழைய பாடலே அமெரிக்கக் கொள்ளைக்காரர் இருவரைப் பற்றி பிரெஞ்சுக்காரர்கள் கண்ட கனவு. அந்தக் கனவைப் பின்னணியில் ஓடவிட்டு, அமெரிக்க மேற்குப்புறத்தின் குதிரைவீரக் கதைகளை அதன்மேல் நிறுத்தி, அந்த நாடு தன் கதைகளை ஒரு பன்னாட்டு நிறுவனம் சரக்கு அனுப்புவதைப் போல உலகுக்கு ஏற்றுமதி செய்கிறது என்று சோலார் சொல்கிறார். ஒலித்துண்டைத் தேர்ந்ததிலேயே விமரிசனம் இருக்கிறது. பாடல் அரிசோனாவில் தொடங்குகிறது. அந்த மாநிலத்தின் பெயரைச் சொன்ன அதே மூச்சில், ‘அங்கே ஹாரி என்பவன் சுற்றித் திரிந்தான்’ என்று அவர் தொடர்கிறார். பிரெஞ்சில் ஹகரம் ஒலிக்காது. வேலையின்றித் திரிவதற்கான பேச்சுவழக்கு வினை ‘ஸோனே’. அதன் இறந்தகால வடிவம் ‘ஸோனா’. எனவே ‘ஹாரி ஸோனா’ என்பதும் ‘அரிஸோனா’ என்பதும் காதுக்கு ஒன்றேதான். மாநிலத்தின் பெயரே கதாநாயகனையும் அவன் செயலையும் பெற்றெடுக்கிறது. அதிலும் இலக்கண நூலில் மட்டுமே வாழ்கிற இறந்தகால வடிவத்தில் தெருச்சொல் ஒன்றைப் பூட்டியிருப்பது எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவில் இடம் கொடுத்த காளமேகத்தின் வழித்தோன்றல்களான நாம் இதைக் கேட்டுவிட்டு எழுந்து நிற்காமல் இருக்க முடியாது. இந்த வரிகளைப் பொறிமொழிபெயர்ப்பில் இட்டுப் பார்த்தபோது சிலேடை முழுவதும் உதிர்ந்து, வெறும் புவியியல் குறிப்பு ஒன்று மிஞ்சியது.

வெறும் எழுத்துகளும் எண்களும் வரிசையாக நிற்பதைப் போன்ற தலைப்புடைய பாடல் ஒன்றும் இதில் உண்டு. வாகன எண் போலத் தோன்றும் அதை, ஒவ்வோர் எழுத்தின் பிரெஞ்சுப் பெயரையும் உரக்கச் சொல்லிப் படித்தால், ‘வாளும் மேலங்கியும் கொண்ட வீரசாகசக் கேசட்டுகளை எதிரி வாங்குவதை நிறுத்திவிட்டான்’ என்னும் முழு வாக்கியம் வெளிவருகிறது. சித்திரகவியில் மனம் வைத்த பழம்புலவர் எவரும் மெச்சக்கூடிய தலைப்பு. பாடலுக்கு அந்தத் தகுதி உண்டா என்றால், இல்லை. நண்பர்கள் பலர் மாறி மாறிப் பாடும் அந்தப் பாடலில் சோலாரின் அமைதி சிதறுகிறது.

‘கொங்குபின்’ பாடல் போரைப் பற்றியது. குருதியின் செம்பொருளான ஹீமோகுளோபினுக்கு ஓர் ஆசைநாயகி உண்டென்றால் அது போர்தான் என்பது தலைப்பின் உட்கிடை. தலைப்பைக் கேட்டுப் புன்னகைத்தவரைப் பாடல் அந்தப் புன்னகையோடு விட்டுவைப்பதில்லை. சொல்விளையாட்டு வேடிக்கைக்காக மட்டும் அல்ல என்பதை இந்தத் தொகுப்பில் மிகத் தெளிவாக நிறுவுவது இந்தப் பாடல்தான்.

இசையமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜிம்மி ஜே, பூம் பாஸ் என்று அறியப்படும் யூபேர் ப்ளான்-ஃப்ரான்கார், ஒலிப்பதிவிலும் கலவையிலும் ஃபிலிப் ஸ்தார் ஆகியோரின் கைவண்ணம் இது. பூம் பாஸும் ஸ்தாரும் பின்னாளில் ‘காசியுஸ்’ என்ற பெயரில் மின்னணு நடன இசையில் உலகப்புகழ் பெற்றார்கள். ஸ்தார் 2019இல் காலமானார். ஜாஸ் பதிவுகளிலிருந்து எடுத்த வட்டமான பாஸ் ஒலி, அவசரமில்லாத தாளக்கட்டு, குரலுக்கு முன்னால் வேறெதுவும் வந்து நிற்காத கலவை. தரமான ஒலிபெருக்கியில் கேட்டால் பாஸ் அறையின் தரையிலிருந்து எழுவது போலிருக்கும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டால் இந்தத் தொகுப்பின் பாதி காணாமல் போய்விடும். தலையணி ஒலிபெருக்கியாவது அவசியம்.

குறைகள் இல்லாமல் இல்லை. பதினைந்து தடங்கள் என்பது கொஞ்சம் அதிகம்; இரண்டாம் பாதியில் வேகம் ஒரே அளவில் நிற்பதால் ஒரு பாடலின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் கலந்துவிடுகின்றன. ஒரே மூச்சில் கேட்காமல் இரண்டு அமர்வுகளாகப் பிரித்துக் கேட்பது நல்லது. அன்றைய பிரான்சின் தொலைக்காட்சி முகங்களையும் விளம்பரங்களையும் அவர் போகிற போக்கில் தொட்டுச் செல்லும் இடங்கள், அந்நாட்டில் அக்காலத்தில் வாழாதவருக்கு உரையாசிரியர் இல்லாமல் விளங்கமாட்டா. மார்சேயின் ‘ஐயாம்’, பாரிஸ் புறநகரின் ‘என்.டி.எம்.’ ஆகிய குழுக்களின் சீற்றத்தை விரும்புவோர் சோலாரை மென்மையானவர் என்று அன்றும் குறைசொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. குரல் தாழ்ந்திருப்பதால் சொல்லின் கூர் குறைந்துவிடுவதில்லை. கத்தினால் இந்தச் சிலேடைகள் காதில் விழவே விழா.

தொகுப்பு வந்த 1994ஆம் ஆண்டில்தான், வானொலிகள் ஒலிபரப்பும் பாடல்களில் குறைந்தது 40 விழுக்காடு பிரெஞ்சு மொழிப் பாடல்களாக இருக்க வேண்டும் என்று பிரான்சில் சட்டம் இயற்றப்பட்டது; 1996இல் நடைமுறைக்கு வந்தது. மொழியைக் காக்க வேண்டும் என்ற அந்தச் சட்டம், புறநகரின் குடியேறிகளின் பிள்ளைகள் பாடிய ராப்புக்கே பெருவழி திறந்துவிட்டது. 1995இல் சோலார் அந்நாட்டின் முதன்மையான இசை விருதான ‘விக்துவார்’ விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆண் பாடகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அப்படிப்பட்ட ஒரு தொகுப்பு எப்படிக் காணாமல் போனது? 1990களின் இறுதியில் அவருக்கும் அவருடைய இசைத்தட்டு நிறுவனத்துக்கும் இடையே எழுந்த கருத்து வேறுபாடு நீதிமன்றம் வரை சென்றது. அதன் விளைவாக அவருடைய தொடக்ககாலத் தொகுப்புகள் விற்பனையிலிருந்து மறைந்தன. அவர் பாடுவதை நிறுத்தவில்லை: 2001இல் ‘ஐந்தாம் ஏஸ்’, 2003இல் ‘மாக் 6’, 2007இல் ‘அத்தியாயம் 7’ என்று தொகுப்பின் வரிசை எண்ணைத் தலைப்பிலேயே பொதிந்துகொண்டு தொடர்ந்தார், பிறகு பத்தாண்டு மௌனம், 2017இல் ‘ஜியோபொயெத்திக்’. ஆனால் அவரை அவராக்கிய பாடல்கள், பழைய பிரதி வைத்திருந்தவர்களின் அலமாரிகளில் மட்டுமே இருந்தன. இணையத்தில் இசை கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை முழுவதும் இவரைப் பெயரளவில் மட்டுமே அறிந்திருந்தது. ஒரு கவிஞனின் நூல்கள் இருபது ஆண்டுகள் அச்சில் இல்லாமல் போனால் நாம் எவ்வளவு வருந்துவோமோ அவ்வளவு வருத்தம் எனக்கு இதில் உண்டு. மறுபதிப்பைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சியும் அதே அளவினது.

முதல் தொகுப்பும் 2021இல் திரும்பி வந்துவிட்டது. அதில் சீட்டுக்கட்டின் நான்கு இனங்களின் பெயர்களைக் கொண்டே காதல் தோல்வியைச் சொல்லும் ‘கரோலின்’ இருக்கிறது என்பதால் அதையும் அடுத்ததாக வாங்கலாம். ஆனால் தொடங்குவது ‘ப்ரோஸ் கொம்பா’விலிருந்தே இருக்கட்டும். ‘நூவோ வெஸ்டெர்ன்’ பாடலை முதலில் வரிகளைப் பார்க்காமல் ஒருமுறை கேளுங்கள். பிறகு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். மூன்றாவது முறை கண்களை மூடிக்கொண்டு, அரிசோனாவின் பெயருக்குள்ளிருந்து ஹாரி வெளியே நடந்து வருவதற்குக் காத்திருங்கள்.