பாதாம் பால்: கடை மிக்ஸா, வீட்டுப் பொடியா, ஊறவைத்து அரைத்த விழுதா?

போன மார்கழியில் அப்பாவுக்குப் பல் எடுத்ததிலிருந்து ராத்திரிச் சாப்பாடு பாதியாகிவிட்டது. இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவார். அதற்கு ஈடாக, படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர் சூடாகப் பாதாம் பால் கொடுக்க ஆரம்பித்தோம். அப்புறம் பிள்ளைகளும் கேட்க, இப்போது தினமும் நாலு டம்ளர். இந்த எட்டு மாதத்தில் டப்பாவில் வரும் பாதாம் மிக்ஸ், வீட்டில் திரித்து வைக்கும் பொடி, ஊறவைத்து அரைக்கும் விழுது என்று மூன்று விதமாகவும் செய்து பார்த்துவிட்டேன். கடைசியில் விழுதில் நின்றுவிட்டேன்.

கடை மிக்ஸின் வசதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, பாலைக் காய்ச்சி இரண்டு ஸ்பூன் போட்டால் முடிந்தது. ஆனால் டப்பாவின் பின்பக்கத்தை ஒருமுறை படியுங்கள். எது எடையில் அதிகமோ அதை முதலில் போட்டு, குறைவானதைக் கடைசியில் போட வேண்டும் என்பது விதி. நான் வாங்கிய எல்லா டப்பாவிலும் முதலில் இருந்தது சர்க்கரை, ஒன்றில் மஞ்சள் நிறத்துக்காக 102 என்ற எண் போட்ட நிறமியும் இருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. சர்க்கரையைக் குறைக்க வேண்டுமென்றால் பொடியைக் குறைக்க வேண்டும், பொடியைக் குறைத்தால் இருக்கிற கொஞ்சம் பாதாமும் போய்விடும். எங்கள் வீட்டுக்கு அது ஒத்துவராது என்று முதல் மாதத்திலேயே முடிவாகிவிட்டது.

அடுத்தது வீட்டுப் பொடி. கால் கிலோ பாதாமை வெந்நீரில் போட்டுத் தோல் உரித்து, துணியில் ஒருநாள் காயவைத்து, லேசாக வறுத்து, ஆறவிட்டு, ஏலக்காயோடு மிக்ஸியில் விட்டுவிட்டுத் திரித்தேன். விடாமல் ஓட்டினால் ஜார் சூடாகி எண்ணெய் கக்கி ஒரே கட்டியாகிவிடும். சர்க்கரை சேர்த்துத் திரித்தால் அது அந்த எண்ணெயை இழுத்துக்கொண்டு பொடி உதிரியாக வரும், ஆனால் அப்பாவுக்காக நான் சர்க்கரை போடவில்லை. முதல் வாரம் அருமையாக இருந்தது. மூன்றாவது வாரம் டப்பாவைத் திறந்தபோது லேசாகச் சிக்கு வாடை. பழைய தேங்காயெண்ணெய் பாட்டிலை முகர்ந்தால் வருமே, அந்த வாடை. பாலில் கலந்து ஏலக்காய் கூடப் போட்டும் போகவில்லை, குடித்து முடித்தபின் தொண்டையில் ஒரு காறல் நின்றது. மிச்சத்தைக் கொட்ட வேண்டியதாயிற்று. பாதாம் விற்கிற விலைக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மூன்றில் எது என்று முடிவு செய்யும்போது ருசியை விட இதுதான் முக்கியம். நூறு கிராம் பாதாமில் கிட்டத்தட்ட ஐம்பது கிராம் கொழுப்பு. அதில் பெரும்பகுதி காற்றும் சூடும் வெளிச்சமும் பட்டால் சீக்கிரம் கெடும் வகை. முழுப் பருப்பாக, தோலோடு இருக்கும்வரை அதற்கு ஒரு காப்பு இருக்கிறது. தோலை உரித்து, வறுத்து, பொடியாக்கினால் ஒவ்வொரு துகளும் காற்றில் நிற்கிறது, நம் ஊர்ச் சமையலறைச் சூட்டில் அது எத்தனை நாள் தாங்கும்? ஃப்ரிட்ஜில் வைத்தால் நாள் கூடும், உண்மைதான். ஆனால் தினமும் ராத்திரி வெளியே எடுத்துத் திறந்து மூடும்போது குளிர்ந்த பொடியில் ஈரம் ஏறுகிறது, ஒரே வாரத்தில் கட்டி தட்டியது. சரியாகக் காயாத பருப்பைத் திரித்துவிட்டால் பூசணமே பிடிக்கும். இன்னொன்று, எவ்வளவு நைசாகத் திரித்தாலும் டம்ளரின் அடியில் மண் மாதிரி தங்கும், கடைசி வாயை அப்பா குடிக்கவே மாட்டார்.

விழுதுக்கு மாறிய பிறகு அந்தப் பிரச்சினை இல்லை. ஈரமாக அரைக்கும்போது பருப்பின் எண்ணெயும் புரதமும் தண்ணீரோடு சேர்ந்து பால் மாதிரியே ஆகிவிடுவதால் பாலில் போட்டதும் கலந்துவிடுகிறது. கெட்டிப்படுத்த கார்ன் ஃப்ளோர், கஸ்டர்ட் பவுடர் எதுவும் வேண்டாம். ஆனால் தினமும் ஊறவைத்து உரித்து அரைக்க யாருக்கு நேரம் இருக்கிறது என்று நானும் கேட்டேன். ஃப்ரிட்ஜில் வைத்த விழுது இரண்டு நாள்தான் தாங்கியது, மூன்றாம் நாள் புளித்த வாடை வந்துவிட்டது. ஐஸ் கட்டி ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்த பிறகுதான் வழி பிறந்தது.

கணக்கு இதுதான்: அறுபது பாதாம், சுமார் எழுபது கிராம். ராத்திரி முழுக்க ஊறவைக்கலாம், ஆனால் வெயில் காலத்தில் மேடையில் வைக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெளியே வைத்தால் தண்ணீர் நுரைத்துவிடுகிறது. அவசரமென்றால் கொதிக்கும் நீரை ஊற்றி இருபது நிமிஷம் மூடி வைத்தால் போதும், நுனியைப் பிதுக்கினால் தோல் கழன்று வரும். முதலில் தண்ணீர் விடாமல் ஒரு சுற்று, அப்புறம் அரை டம்ளருக்கும் குறைவாகத் தண்ணீர் விட்டு வெண்ணெய் மாதிரி வரும்வரை அரைக்க வேண்டும். என் ட்ரேயில் இது சரியாக ஆறு கட்டி வருகிறது, கட்டிக்குப் பத்துப் பாதாம், ஒரு டம்ளருக்கு ஒரு கட்டி. உறைந்ததும் கழற்றி மூடியுள்ள டப்பாவில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஃப்ரீசரில் இருக்கும் மீன் வாடை ஏறும். மூன்று வாரம் வரை எந்த மாற்றமும் தெரியவில்லை. அதற்கு மேல் எங்கள் வீட்டில் மிஞ்சியதில்லை.

பால் நான் வாங்குவது ஆவின் பச்சை, 4.5 சதவீதம் கொழுப்பு. நீலத்திலும் செய்யலாம், சற்று நீர்த்திருக்கும். மதுரையில் ராத்திரி வண்டிகளில் விற்கும் பாதாம் பாலின் அந்தக் கெட்டி, பால் அகலச் சட்டியில் நெடுநேரம் சுண்டுவதால் வருவது. நாம் நாலு டம்ளரை மூன்றரையாகச் சுண்டவிட்டாலே பாதி தூரம் வந்துவிடலாம். பால் பொங்கியதும் கட்டியைப் போட்டு, சின்னத் தீயில் ஐந்து நிமிஷம் கிளறிக்கொண்டே இருங்கள். பச்சை வாசம் போக வேண்டும், கை எடுத்தால் அடிப்பிடிக்கும்.

மசாலாவை விழுதோடு சேர்த்து உறைய வைக்காதீர்கள். அன்றன்றைக்கு இரண்டு ஏலக்காயை நசுக்கிப் போடும் வாசனை, பத்து நாள் டப்பாவில் இருந்த ஏலக்காய்த் தூளுக்கு வராது. குங்குமப்பூ நாலைந்து இழையை ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான பாலில் பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கடைசியில் ஊற்றுவேன். அப்பா டம்ளரில் ஒரு சிட்டிகை மிளகும் மஞ்சளும், பிள்ளைகளுக்குத் துளி ஜாதிக்காயும் பனங்கற்கண்டும். பனங்கற்கண்டில் தூசி இருக்கும், தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அடுப்பை அணைத்த பிறகு சேர்த்தால் பால் திரியாது. அதுவும் சர்க்கரைதான் என்பதால் அப்பாவுக்கு அதையும் போடுவதில்லை.

இவ்வளவு சொல்லியும் வீட்டுப் பொடியை நான் அடியோடு விடவில்லை. பெரியவள் ஹாஸ்டலில் இருக்கிறாள், அங்கே ஃப்ரீசர் கிடையாது, கெட்டிலில் பால் சுட வைக்கத்தான் முடியும். அவளுக்காக மாதம் இரண்டு தடவை ஐம்பது கிராம் மட்டும், சர்க்கரை சேர்த்து, திரித்து, சின்னச் சின்ன பாட்டிலில் பிரித்துக் கொடுத்துவிடுகிறேன். ஒரு பாட்டில் நாலு நாளில் தீர்ந்துவிடும், அடுத்த பாட்டிலை அதுவரை திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை சிக்கு வாடை என்று அவள் சொன்னதில்லை.