டிராயானா, டெச்செபலா?

ஒரே நாட்டில் வென்றவன் பெயரையும் தோற்றவன் பெயரையும் பிள்ளைகளுக்கு வைப்பார்களா? ருமேனியாவில் வைக்கிறார்கள். டிராயான், படையெடுத்து வந்த ரோமப் பேரரசர். டெச்செபல், அவரை எதிர்த்த டாசிய மன்னர்; டாசியா என்பது இன்றைய ருமேனியப் பகுதியின் பழைய பெயர். கி.பி. 101–102, 105–106 என இரண்டு போர்கள் நடந்தன. கடைசியில் பிடிபடாமலிருக்க டெச்செபல் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டார். அந்தக் காட்சியை ரோமில் 113இல் எழுப்பிய டிராயான் தூணில் இன்றும் பார்க்கலாம்.

டிராயான் என்பது அந்தப் பேரரசரின் குடும்பப்பெயர். பொருளுக்காக யாரும் அதை வைப்பதில்லை, ஆளுக்காகத்தான். தாத்தா பேரன் என்று ரோமர் காலத்திலிருந்து இறங்கி வந்த பெயரும் இல்லை. 'நாங்கள் ரோமர் வழி வந்தவர்கள்' என்று டிரான்சில்வேனிய (இன்று ருமேனியாவில் உள்ள பகுதி) அறிஞர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து எழுதத் தொடங்கிய பிறகே லிவியு, ஒவிடியு போன்ற லத்தீன் பெயர்களோடு இதுவும் பரவியது. தேசிய கீதத்திலேயே இந்தப் பெயர் வருகிறது. 1906இல் பாரிஸ் அருகே தன் விமானத்தைத் தரையிலிருந்து கிளப்பிய வுயா, 2004 முதல் 2014 வரை அதிபராக இருந்த பசெஸ்கு இருவருமே டிராயான்கள்தான்.

டெச்செபலும் அப்படி மீட்டெடுத்த பெயர்தான். ஆனால் சொல்லாராய்ச்சியில் ருசி உள்ளவர்களுக்கு இதுதான் தீனி. 'பத்துப் பேர் பலம் கொண்டவன்' என்று ஒரு விளக்கம் உண்டு. சமஸ்கிருத தச, பல ஆகிய சொற்களோடு ஒப்பிடுவார்கள். நமக்கும் 'பலம்' அங்கிருந்து வந்ததால் சட்டென்று நம்பத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்: டாசிய மொழியில் நூல் எதுவும் மிஞ்சவில்லை, எனவே இது ஊகம்தான். டாசியத் தலைநகரான சர்மிசெகெதூசாவில் கிடைத்த பெரிய மண்பாண்டம் ஒன்றில் 'டெசெபாலுஸ் பெர் ஸ்கோரிலோ' என்று முத்திரை இருக்கிறது. 'பெர்' டாசியச் சொல் என்றால் 'ஸ்கோரிலோவின் மகன் டெச்செபல்'. லத்தீன் என்றால் 'ஸ்கோரிலோ மூலமாக'. முதலாவதில் அரச வம்சமே கிடைக்கிறது, இரண்டாவதில் வெறும் குயவர் முத்திரை!

டான்யூப் கரையில், ஒர்ஷோவாவுக்கு அருகே, 40 மீட்டருக்கு மேல் உயரமாக டெச்செபலின் முகத்தைப் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். 1994இல் தொடங்கிப் பத்து வருட வேலை.

வாய்க்கு எளிது, டிராயான். எனக்குப் பிடித்தது டெச்செபல். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாத பெற்றோரும் இருக்கிறார்கள் போல: 1998 முதல் 2000 வரை அங்கே நிதியமைச்சராக இருந்தவரின் பெயர் டெச்செபல் டிராயான் ரெமேஷ்.