உடைந்த கார்க் கண்ணாடிக்குப் புதியதா, பழையதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயிலோரம் நிறுத்திய காரின் பக்கக் கண்ணாடியைத் திருடர்கள் உடைத்துவிட்டால், புதியது வாங்குவதா, பழைய உதிரிப்பாகக் கடையில் தேடுவதா என்று பலரும் தடுமாறுகிறார்கள்.

விலை: பழையது மலிவுதான். ஆனால், காப்புறுதியில் கண்ணாடிப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருந்தால் புதியதற்கான செலவைக் கோரலாம், அதனால் என்.சி.டி. எனப்படும், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவும் குறையாது என்பதால், அந்த மலிவுக்குப் பொருளில்லை.

நீடித்துழைப்பு: இரண்டும் சூடேற்றி உறுதியாக்கப்பட்ட கண்ணாடியே, உடைந்தால் கற்கண்டுபோல் உதிரும். பழையதை மட்டும் வெயிலில் தூக்கிப் பிடித்து, நெடுங்கீறல்களையும், குறிப்பாக ஓரச் சிதைவையும் பார்க்க வேண்டும். ஓரம் சிதைந்தது, கதவை அறைந்து சாத்தும் ஒருநாள் முழுவதுமாக நொறுங்கக்கூடும்.

வசதி: பழையதில் கறுப்புத் தாள் ஒட்டியே வரலாம். முன்கதவுக் கண்ணாடியில் குறைந்தது 50 விழுக்காடு ஒளி ஊடுருவ வேண்டும் என்பது 2019 முதல் விதி.

எதைப் பொருத்தினாலும் கதவின் உட்பலகையைக் கழற்றித் துகள்களை உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். அவசரக்காரப் பட்டறைகள் இதைத்தான் விட்டுவிடுகின்றன, பிறகு கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும்.

கண்ணாடிப் பாதுகாப்பு உள்ளவர்கள் புதியதையே போடலாம். அது இல்லாத, பதினைந்து ஆண்டு ஓடிய காரின் பின்கதவுக்கு, ஓரம் நன்றாக உள்ள பழையதே போதும்.