அக்கரப்பத்து பஸ் ஸ்டாண்ட்ல "கடைசி பஸ் போயிட்டு" எண்டு ஆராச்சும் சொன்னா நம்பிராதீங்க

வெளிநாட்டுல இருந்து சொந்தக்காரர் வந்து, நம்மட இலங்கையில கிழக்குப் பக்கம் இரிக்கிற அறுகம்பே கடற்கரைக்கு பஸ்ல போகப்போறம் எண்டு நிண்டா இத ஒருக்கா காட்டுங்க.

சுவிஸ்ல இருந்து மாமிட மகனும் பொஞ்சாதியும் வந்திருந்தாங்க. வேன் எல்லாம் வேணாம், சனத்தோட சனமா பஸ்லயே போவம் எண்டு அவங்களுக்கு ஆசை, சரி எண்டு நானும் கூடப் போனன். ரயில் மட்டக்களப்போட முடிஞ்சிரும், அங்கால தெற்க போறெண்டா பஸ்தான், அறுகம்பேக்குக் கிட்ட இரிக்கிற ஊரான பொத்துவிலுக்கு நேர பஸ் கிடைக்காட்டி கல்முனையிலயோ அக்கரப்பத்துலயோ மாறணும். களுவாஞ்சிகுடி, கல்லாறு, நிந்தவூர் எல்லாம் தாண்டி அக்கரப்பத்து மட்டும் ஒரு பிரச்சினையும் இல்ல. சிடிபி (அரசாங்க) பஸ், டிக்கட் தந்தாங்க, மிச்சக் காசும் சரி.

இறங்கி நான் தண்ணிப் போத்தல் வாங்க கடைக்குப் போயிட்டு வாறதுக்குள்ள ஒராள் மச்சான்ட ரெண்டு பேக்கையும் தூக்கி வேனுக்குள்ள வச்சிட்டாரு. பொத்துவில் கடைசி பஸ் இப்பதான் போச்சாம், இனி விடியத்தானாம். அப்ப பின்னேரம் மூண்டரதான்! 9000 ரூபா எண்டு பேசி 3000 அட்வான்ஸும் கைமாறிட்டு. கட்டக் காச்சட்டையும் பெரிய பேக்கும் கண்டா தலையில மிளகாய் அரைச்சிரலாம் எண்டு நினைப்பு, மச்சான் நம்மளப் போல தமிழ்தான் கதைக்கான், அதுக்கும் இரக்கம் இல்ல.

நான் கேட்டதுக்கு என்ட முகத்தப் பாத்தே "இல்ல தம்பி, பஸ் இல்ல" எண்டு வாய் கூசாம சொன்னாரு. நான் நேர, ஸ்டாண்ட்ல பஸ் நேரம் குறிக்கிற டைம்கீப்பர்ட போனன். "காக்கா (அண்ணன்), பொத்துவிலுக்கு இனி பஸ் இரிக்கா?" அவர் தலையக் கூட தூக்கல்ல, பேனையால எதிர்ப்பக்கம் காட்டினாரு, அங்க ஒரு பஸ் பொத்துவில் போர்ட் போட்டு ஆள் ஏத்திக்கொண்டு நிக்கிது, வேன மறிச்சு நிப்பாட்டி இருந்ததால இவங்களுக்குத் தெரியல்ல. திரும்பி வந்து காசக் கேட்டா 1500தான் தந்தாரு, மிச்சத்துக்கு டீசல் அடிச்சிட்டாராம். வேன் நிண்ட இடத்த விட்டு அசையவே இல்ல, எங்க போய் அடிச்ச டீசலோ!

சரி தொலையட்டும் எண்டு பஸ்ல ஏறினா, அது பிரைவட், கொண்டக்டர் பேக்குக்கும் ஒரு சீட் காசு எண்டாரு. பேக் சீட்லயே இல்ல, பின்னால ஸ்பேர் டயருக்கு மேல கிடக்கு. டிக்கட் கேட்டா புத்தகம் முடிஞ்சாம். 2000 தாளக் குடுத்தா "இறங்கக்க தாறன்", திருக்கோவில், கோமாரி எல்லாம் போச்சி, பொத்துவில்ல இறங்கி கதவுல நிண்டு கத்தினாப் பிறகுதான் மிச்சம் வந்திச்சி, அதுலயும் 100 குறைவு. இதுக்குத்தான் சில்லறையா வச்சிருங்க எண்டு சொல்றது.

பொத்துவில்ல இருந்து அறுகம்பே ஒரு மூணு கிலோமீற்றர்தான், ஓட்டோல மீற்றர் போட மாட்டாங்க. ஏற முதலே விலையப் பேசுங்க, பேக்க கையிலேயே வச்சுக்கொண்டு பேசுங்க, பேக் உள்ள போயிட்டா விலை அவங்கட விலைதான். அலை அடிக்கிற சீசன்ல இன்னும் மோசம், நாங்க பக்கத்துக் கடைக்காரர்ட எவ்வளவு எண்டு கேட்டுட்டு வந்ததும் கேட்டதுல பாதிக்கு ஒருத்தர் வந்தாரு.

பஸ் நேரத்த டைம்கீப்பர்ட்ட மட்டும் கேளுங்க, தானா கிட்ட வந்து சொல்றவர்ட்ட கேக்காதீங்க. மாகாணம் விட்டு மாகாணம் ஓடுற தூர பஸ்ல இப்பிடி நடந்தா தேசிய போக்குவரத்து ஆணைக்குழுட 1955 நம்பருக்கு அடிச்சு முறைப்பாடு சொல்லலாம், பஸ் நம்பரையும் நேரத்தையும் எழுதி வச்சுக்கோங்க. வேன்ட நம்பர மச்சான் படம் எடுத்து வச்சிருக்கான், பொலிஸ்ல குடுக்கணும் எண்டு அவன் நிக்கான், 1500க்காக ஸ்டேசன் ஏறுவியா எண்டு மாமி ஏசுறா. நான் மச்சான்ட பக்கம்தான்.