காற்றாலைப் பதிவுக்கு எந்தக் கடிகாரம்?

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று அடிக்கும்போது காற்றாலையின் பேரிங் எப்படி அதிர்கிறது என்று பதிவுசெய்யும் நிரலை நாகர்கோவிலில் எழுதிக்கொண்டிருக்கிறோம். நொடிக்கு 10,000 அளவீடு. ஒவ்வொன்றுக்கும் நேரம் குறிக்க வேண்டும். லினக்ஸில் நேரம் கேட்கப் பல வழி உண்டு.

ஒவ்வொரு தடவையும் சிஸ்டம் கால் (இயங்குதளத்திடம் நிரல் உதவி கேட்கும் அழைப்பு) போட்டு, இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் போய்வந்தால் நூற்றுக்கணக்கான நானோநொடி போய்விடும். விடிஎஸ்ஓ (vDSO, ஒவ்வொரு நிரலோடும் கர்னல் சேர்த்துத் தரும் சிறு நிரலகம்) வழியில் அந்தப் பயணமே இல்லை. கர்னல் தன் நேரக் கணக்கை நம் நிரல் படிக்கும்படி நினைவகத்தில் வைத்துவிடுகிறது. செயலிக்குள் சீராக ஏறிக்கொண்டே போகும் டிஎஸ்சி (TSC) எண்ணியை வாசித்துப் பெருக்கிக் கூட்டினால் சில பத்து நானோநொடியில் நேரம் கையில். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வைப்பது, பின்னோக்கி ஓடாத 'மோனோடானிக்' கடிகாரமா, அதன் தோராய வடிவமான 'மோனோடானிக் கோர்ஸா' என்பதுதான். கோர்ஸ் எண்ணியைத் தொடுவதே இல்லை. கடைசி டிக்கில் (கர்னலின் சீரான நேரத் துடிப்பு) கர்னல் எழுதிவைத்ததை அப்படியே தரும். அதனால் வேகச் சோதனையில் அதுதான் முந்துகிறது. "அண்ணே, அப்போ இதையே போட்டுருவோமா?" என்றான் கூட வேலைபார்க்கும் தம்பி. போட்டோம். எங்கள் கர்னலில் டிக் 250 ஹெர்ட்ஸ், அதாவது 4 மில்லிநொடிக்கு ஒரு தடவைதான் நேரம் நகரும். அளவீடோ 0.1 மில்லிநொடிக்கு ஒன்று. திரையில் 40 வரிக்கு ஒரே நேரம், பிறகு ஒரு தாவல், மறுபடி 40 வரி. பேரிங்கின் அதிர்வை இதில் எங்கே தேடுவது? மிச்சமாவதும் அற்பம்: தடவைக்கு 20 நானோநொடி என்றாலும் நொடிக்கு மொத்தம் 0.2 மில்லிநொடிதான். லாக் வரிக்கு கோர்ஸ் போதும், அளவீட்டுக்கு ஆகாது.

டிஎஸ்சியை நாமே நேரடியாக வாசிப்பது இன்னும் கொஞ்சம் வேகம். ஆனால் நானோநொடியாக மாற்றும் கணக்கு நம் தலையில் விழும். செயலி கட்டளைகளை முன்பின்னாக ஓட்டுவதையும் நாம்தான் தடுக்க வேண்டும். வேண்டாம்.

வேகச் சோதனைக்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டியது, கர்னல் இப்போது எந்தக் கடிகார மூலத்தை நம்பியிருக்கிறது என்பதை. டிஎஸ்சி சரியில்லை என்று கர்னலின் கண்காணிப்புக்குப் பட்டால் ஹெச்பெட்டுக்கு (HPET, செயலியின் மையத்துக்கு வெளியே உள்ள, வாசிக்க மெதுவான டைமர்) மாறிவிடும். அப்புறம் அதே மோனோடானிக் அழைப்பு கர்னலுக்குள் போய்த்தான் திரும்பும். ஒரு வாசிப்புக்கே மைக்ரோநொடிக் கணக்கில் ஆகும். களத்தில் வைத்த பெட்டியில் எங்களுக்கு நடந்தது இதுதான். நிரலில் பிழை தேடி இரண்டு நாள் போனது. சிஸ் (/sys) கோப்பகத்தில், இப்போதைய கடிகார மூலத்தைச் சொல்லும் கோப்பைத் திறந்ததும் 'ஹெச்பெட்' என்ற ஒற்றைச் சொல் கண்ணில் பட்டது.