அப்பாவின் டேப்லெட்டுக்கு ஒரு காவல்: பிளே புரொடெக்டுடன் ஓராண்டு

பெங்களூரின் அல்சூரில் உள்ள எங்கள் வீட்டில் ஒரே ஒரு டேப்லெட்தான் இருக்கிறது. பெயருக்கு அது எழுபத்து நான்கு வயதான என் அப்பாவுடையது. காலையில் அவர் அதில் தமிழ் நாளிதழ்கள் படிப்பார். மாலையில் என் மகள் கன்னடப் பாடத்துக்காக எடுத்துக்கொள்வாள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா அதில் கச்சேரி கேட்பார். கைபேசியை ஒருவர் மட்டுமே கையாளுவதால் அதில் புதிதாக ஒன்று முளைத்தால் அவருக்கே தெரிந்துவிடும். பலர் கை மாறும் டேப்லெட்டில் ஒரு புதிய செயலியைப் பார்த்தால், மற்றவர் யாரோ போட்டிருப்பார் என்றே ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறோம். அதனால்தான் அதன் பாதுகாப்பைப் பற்றி நான் கூடுதலாகக் கவலைப்பட்டேன். அந்தக் கவலைக்கு விலை கொடுத்து வாங்கிய மருந்து ஒன்று, விலையில்லாமல் உள்ளேயே இருந்த மருந்து ஒன்று என்று இரண்டையும் பார்த்துவிட்டபின் இதை எழுதுகிறேன்.

டேப்லெட்டை எஸ்.பி. ரோட்டில் வாங்கினோம். கடைக்காரர் பில் போடும்போதே ஓராண்டுச் சந்தாவுள்ள வைரஸ் தடுப்புச் செயலி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்; பெரியவர்கள் பயன்படுத்தும் கருவி என்று சொன்னதும் நாங்கள் மறுக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அந்தச் செயலி தினமும் காலையில் ஒரு சிவப்பு எச்சரிக்கையைக் காட்டத் தொடங்கியது. பதறிப்போய்த் திறந்து பார்த்தால், அது குறிப்பிட்ட "சிக்கல்கள்" எல்லாம் பழைய தற்காலிகக் கோப்புகளாகவே இருக்கும். இரண்டு வாரத்தில் அப்பா எந்த எச்சரிக்கையையும் படிக்காமல் ஒதுக்கித் தள்ளப் பழகிவிட்டார். அந்தச் செயலி செய்த பெரிய தீங்கு இதுதான் என்று நான் கருதுகிறேன். தேவையில்லாமல் கத்தும் காவலாளியின் குரல், திருடன் வரும் நாளில் யார் காதிலும் விழாது.

அது மட்டுமல்ல. இணைய இணைப்புகளைச் சோதிப்பதற்காக என்று சொல்லி அணுகல்தன்மை அனுமதியையும் அது கேட்டது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவுவதற்காக உருவான அந்த அனுமதி, திரையில் தெரியும் எழுத்துகளைப் படிக்கவும், பயனருக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் ஒரு செயலிக்கு வழிசெய்கிறது. வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் போலிச் செயலிகள் முதலில் கேட்பதும் அதையேதான். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் தனக்கென்று ஒரு சுவருக்குள் இயங்குகிறது. ஒன்று மற்றொன்றின் உள்ளே நுழைந்து பார்க்க முடியாது என்பதால், கணினியில் இருப்பதைப் போன்ற ஆழமான சோதனையை இங்கே எந்தத் தனியார் வைரஸ் தடுப்புச் செயலியாலும் செய்ய இயலாது. ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்னும் ஆஸ்திரிய ஆய்வு நிறுவனம் 2019இல் இத்தகைய 250 செயலிகளை 2,000 தீநிரல் (மால்வேர்) மாதிரிகளைக் கொண்டு சோதித்தபோது, தவறான எச்சரிக்கை எதுவும் எழுப்பாமல் 30 சதவீதத்துக்கு மேல் கண்டுபிடித்தவை 80 மட்டுமே. சில செயலிகள் தங்களையே தீநிரல் என்று அறிவித்துக்கொண்டன. பெயர்பெற்ற நிறுவனங்களின் செயலிகள் அந்தச் சோதனையில் நன்றாகவே தேறின என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் கடைக்காரர் கையில் கொடுப்பது எந்த வகை என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. சந்தா முடியும்வரை காத்திருக்காமல் நான் அதை நீக்கிவிட்டேன்.

அதன்பின் எஞ்சியது, தீங்கான செயலிகளைச் சோதித்துத் தடுக்கும் கூகுளின் பிளே புரொடெக்ட். இது 2017இல் அறிமுகமானது. கூகுள் பிளே உள்ள எல்லா ஆண்ட்ராய்டு கருவிகளிலும் ஏற்கெனவே இருக்கிறது. பிளே ஸ்டோரைத் திறந்து, வலப்பக்க மேல்மூலையில் உள்ள நம் படத்தைத் தொட்டால் அது தெரியும். பிளே ஸ்டோரிலிருந்து வந்த செயலிகளோடு நின்றுவிடாமல், வாட்ஸ்அப் வழியாகவோ உலாவி வழியாகவோ வந்து சேர்ந்தவற்றையும் சேர்த்தே சோதிக்கிறது. முன்பு தெரிந்த தீநிரல்களின் பட்டியலோடு ஒப்பிடுவதே அதன் முக்கிய வேலையாக இருந்தது. 2023 அக்டோபரில், இதுவரை பார்த்திராத செயலி ஒன்றை நிறுவ முயன்றால் அதன் நிரலையே அப்போதே ஆராயும் வசதி வந்தது. அந்த வசதி இந்தியாவில்தான் முதலில் தொடங்கப்பட்டது.

அதன் பயனை நாங்கள் நேரில் பார்த்தோம். ஒரு மதிய வேளையில் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில், போக்குவரத்து விதியை மீறியதாக அபராத அறிவிப்பு ஒன்று வந்தது. கூடவே ஒரு ஏபிகே கோப்பு, அதாவது தொட்டால் செயலியை நிறுவும் கோப்பு, இணைக்கப்பட்டிருந்தது. அப்பா தம் ஸ்கூட்டரை விற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இருந்தும், விற்ற வண்டி இன்னும் தம் பெயரிலேயே இருக்கிறதோ என்ற பயத்தில் அந்தக் கோப்பைத் தொட்டுவிட்டார். வயதானவர்களை ஏமாற்றுபவர்கள் பேராசையைக் காட்டிலும் சட்டத்துக்கு அஞ்சும் அவர்களது நேர்மையையே அதிகம் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பது அன்று எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது. நல்லவேளையாக, பிளே புரொடெக்ட் அந்த நிறுவலைத் தடுத்துவிட்டது. டேப்லெட்டின் மொழியைத் தமிழாக மாற்றி வைத்திருந்ததால் எச்சரிக்கையும் தமிழில் வந்தது; அப்பா அதைத் தாமே படித்துப் புரிந்துகொண்டு என்னை அழைத்தார்.

இந்தத் தடை எப்படி இயங்குகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. குறுஞ்செய்திகளைப் பெறுதல், அவற்றைப் படித்தல், அறிவிப்புகளைப் பார்த்தல், அணுகல்தன்மை ஆகிய நான்கு அனுமதிகளையே பணமோசடிச் செயலிகள் பெரும்பாலும் நாடுகின்றன, ஏனெனில் ஓ.டி.பி. இவற்றின் வழியாகத்தான் களவாடப்படுகிறது. உலாவி, செய்திச் செயலி, கோப்பு மேலாளர் போன்றவற்றின் வழியாக வரும் ஒரு செயலி இந்த அனுமதிகளில் ஏதேனும் ஒன்றைக் கோரினால், "பரவாயில்லை, நிறுவு" என்ற வாய்ப்பே தராமல் அதைத் தடுக்கும் முறையை கூகுள் 2024 பிப்ரவரியில் சிங்கப்பூரில் சோதனையாகத் தொடங்கியது; பின்னர் அது இந்தியாவுக்கும் வந்தது. தொலைபேசியில் பேசிக்கொண்டே "பிளே புரொடெக்டை அணைத்துவிடுங்கள்" என்று மோசடிக்காரர் சொல்வதும் வழக்கம் என்பதால், அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அதை அணைக்க முடியாதபடியும் செய்திருக்கிறார்கள். வந்த பின் தேடிப் பிடிப்பதை விட, நுழையும் அந்த ஒரு நொடியில் வாசலில் நிற்பதுதான் காவல் என்று நான் எண்ணுகிறேன். அந்த அளவுகோலில் பிளே புரொடெக்டுக்கு முழு மதிப்பெண் தருவேன்.

ஆனால் அதன் எல்லை அந்த வாசலோடு முடிந்துவிடுகிறது. எங்கள் ஊர் மின்விநியோக நிறுவனமான பெஸ்காம் பெயரில், "இன்றிரவு உங்கள் மின்இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று வரும் போலிச் செய்தியை பெங்களூரில் பலர் பார்த்திருப்பார்கள். அந்த எண்ணை அழைத்தால், திரையைப் பகிரும் செயலி ஒன்றைப் பிளே ஸ்டோரிலிருந்தே நிறுவச் சொல்வார்கள். எனிடெஸ்க் போன்ற செயலிகள் நியாயமான பயனுக்காக உருவானவை. ஆகவே பிளே புரொடெக்ட் அவற்றைத் தடுக்காது, தடுக்கவும் கூடாது. அச்செயலி இவ்வாறு தவறாகப் பயன்படுத்தப்படுவதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்திருந்தது. அதேபோல், வங்கியின் பக்கத்தைப் போலவே தோன்றும் போலி இணையப் பக்கத்தில் நாமே கடவுச்சொல்லைத் தட்டினால் அதைத் தடுப்பதும் இதன் வேலை அல்ல.

அதனால் இன்னும் சிலவற்றைச் சேர்த்தேன். குரோம் உலாவியில் பாதுகாப்பான உலாவல் என்ற பகுதியை மேம்பட்ட பாதுகாப்பு நிலைக்கு மாற்றினேன். தளத்தின் பெயரைக் கொண்டு அதன் இணைய முகவரியைத் தேடித்தருவது டிஎன்எஸ்; தனிப்பட்ட டிஎன்எஸ் என்ற அமைப்பில் குவாட்9 சேவையின் முகவரியைக் கொடுத்தேன். 2017இல் தொடங்கிய இந்த இலவசச் சேவை, தீங்கானவை என்று அறியப்பட்ட தளங்களின் முகவரியைக் கருவிக்குச் சொல்லவே மறுத்துவிடுகிறது. எந்தச் செயலியில் இணைப்பைத் தொட்டாலும் இது பொருந்தும். ஆண்ட்ராய்டு 9 முதல் இந்த வசதி உண்டு. அமைக்க இரண்டு நிமிடமே ஆயிற்று, அதன்பின் அதை யாரும் தொட வேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றையும் விட எனக்கு நிம்மதி தந்தது டேப்லெட்டிலிருந்து சிம் கார்டை எடுத்துவிட்டதுதான். இப்போது அது வீட்டு வைஃபையில் மட்டுமே இயங்குகிறது, வங்கியின் ஓ.டி.பி. அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும் பழைய பட்டன் போனுக்குச் செல்கிறது. டேப்லெட்டில் எதுவும் நுழைந்துவிட்டாலும் அந்த எண் அதன் கைக்கு எட்டாது. சிம் இல்லாமல் யுபிஐ செயலியில் பதிவுசெய்ய முடியாது என்பதை அப்பா ஒரு குறையாகச் சொன்னார். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. மகளுக்குத் தனிப் பயனர் கணக்கு அமைத்துக் கொடுத்திருக்கிறேன். டேப்லெட்டுகளில் இந்த வசதி 2012இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.2இலிருந்தே உண்டு என்றாலும், சில தயாரிப்பாளர்கள் அதை நீக்கிவிடுகிறார்கள். வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பிளே ஸ்டோரின் அமைப்புகளில், அறிமுகம் என்ற பகுதியில், "சாதனம் சான்றளிக்கப்பட்டது" என்று இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். 2023இல் வெளியான பேட்பாக்ஸ் விவகாரத்தில், மலிவான டிவி பெட்டிகளிலும் ஜே5-டபிள்யூ என்ற ஒரு டேப்லெட்டிலும், வாங்குபவர் பெட்டியைப் பிரிக்கும் முன்பே தீநிரல் உள்ளே இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அவை சான்று பெறாத கருவிகள். அப்படிப்பட்ட ஒன்றை வாங்கிவிட்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது.

எங்கள் டேப்லெட்டுக்குத் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் அடுத்த ஆண்டோடு முடிகின்றன. அதன்பின்னும் பிளே புரொடெக்ட் செயலிகளைச் சோதித்துக்கொண்டுதான் இருக்கும், ஆனால் இயங்குதளத்தில் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அது அடைக்காது. அந்த நாள் வந்ததும் அப்பாவின் மின்னஞ்சல் கணக்கை அதிலிருந்து நீக்கிவிட்டு, அம்மாவின் கச்சேரிக்கு மட்டும் அதை விட்டுவைப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம். அப்பாவுக்கு வாங்கப்போகும் அடுத்த டேப்லெட்டில், எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு வரும் என்பதைக் கடைக்காரரிடம் நான் முதல் கேள்வியாகக் கேட்பேன்; திரையின் அளவைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.