காதைத் தீட்ட எது தேவலை: பெர்ஃபெக்ட் பிட்சா, ஆப்பா, தம்புராவா?

பாட்டைக் கேட்டதும் சுரம் பிடிபட வேண்டும். வாய்ப்பாட்டு கற்பவர், கீபோர்டு வாசிப்பவர் எல்லாருக்கும் இந்த ஆசை உண்டு. அதற்கு இன்று மூன்று வழி சொல்கிறார்கள். துணைக்குச் சுருதியே இல்லாமல் ‘இது சி, இது எஃப் ஷார்ப்’ என்று சொல்லப் பழக்கும் பெர்ஃபெக்ட் பிட்ச் பயிற்சி ஒன்று. இரண்டு சுரங்களை ஒலிக்கவிட்டு நடுவே எத்தனை தூரம் என்று கேட்கும் மொபைல் ஆப்கள் இன்னொன்று. மூன்றாவது நம் பாட்டு வகுப்பு வழி: தம்புராவைப் போட்டுவிட்டு, ஷட்ஜத்தோடு, அதாவது ‘ஸ’வோடு, ஒட்டிப் பாடிப் பாடியே பழகுவது.

முதல் வழியைப் பெரியவர்கள் மறந்துவிடலாம் என்பது என் கட்சி. குழந்தைகள் விஷயம் வேறு. ஜப்பானில் அயாகோ ஸகாகிபாரா 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 2 முதல் 6 வயது வரையிலான 24 குழந்தைகளுக்குப் பியானோ கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டுகளை) அடையாளம் சொல்லும் பயிற்சி கொடுத்தார்கள். பாதியில் விலகிய இருவரைத் தவிர மற்ற 22 பேருக்கும் பெர்ஃபெக்ட் பிட்ச் வந்தது. வளர்ந்தபின் தொடங்குகிறவர்களில் வெகு சிலருக்கே அது கைகூடுகிறது. கூடினாலும், இந்தத் திறன் உள்ள பலருக்கு வயதானதும் சுரமெல்லாம் அரைக் கட்டை தள்ளிக் கேட்கத் தொடங்கும் என்பது தனிக் கொடுமை.

அதைவிடப் பெரிய கேள்வி, வந்தால் என்ன பயன் என்பது. கீபோர்டில் கறுப்புக் கட்டைகள் ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலரைக் கட்டையை (எஃப் ஷார்ப்) ‘ஸ’ என்று வைத்து வாசித்தால் மோகன ராகம். ‘ஸ’வை அடுத்த கறுப்புக்கு நகர்த்துங்கள், மத்யமாவதி. அதற்கடுத்ததில் ஹிந்தோளம். இன்னும் நகர்ந்தால் சுத்த ஸாவேரி, அப்புறம் சுத்த தன்யாஸி. ‘ஸ’வை இப்படி இடம் மாற்றும் கிரகபேதம் கேட்டுப் பழகிய கச்சேரி ரசிகருக்கு இது பழைய சங்கதி. கட்டை ஐந்தும் அதேதான், ‘ஸ’ மட்டும்தான் இடம் மாறியது, ராகமே மாறிவிட்டது. கட்டையின் பெயர் தெரிந்தவருக்கு இங்கே பாதி விடைதான் கிடைக்கும்.

ஆப்களில் இரண்டு ரகம் உண்டு, இரண்டையும் ஒரே தராசில் போடக்கூடாது. வெறும் இன்டர்வல், அதாவது சுரங்களுக்கு நடுவிலுள்ள தூரம், கேட்பவை ஒரு ரகம். நாலு அரைச்சுர தூரத்துக்கு (கீபோர்டில் கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து நாலு கட்டை தள்ளி) அவை ‘மேஜர் தேர்ட்’ என்று ஒரே விடைதான் வைத்திருக்கும். ஆனால் ‘ஸ’விலிருந்து அந்தர காந்தாரம் (க) அந்தத் தூரம், சுத்த மத்யமத்திலிருந்து (ம) சதுஸ்ருதி தைவதமும் (த) அதே தூரம், பஞ்சமத்திலிருந்து (ப) காகலி நிஷாதமும் (நி) அதேதான். காதுக்கு மூன்றும் ஒன்றா? காந்தாரம் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும், காகலி நிஷாதம் மேல் ‘ஸ’வுக்குத் தவித்துக்கொண்டிருக்கும். இந்த வித்தியாசம்தான் பாட்டில் சுரத்தைக் காட்டிக்கொடுப்பது. அதைக் கழித்துவிட்டுத் தூரத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் ஆப்பில் மார்க் ஏறும், பாட்டில் உதவாது.

இரண்டாவது ரகம் ஃபங்ஷனல் இயர் ட்ரெயினர் போன்றவை. முதலில் கார்டுகளை வாசித்து ‘ஸ’ எது என்று நிலைநாட்டும், பிறகு ஒரு சுரத்தைக் கொடுத்து அது எத்தனையாவது படி என்று கேட்கும். ஹங்கேரியின் கோடாய் முறையில் குழந்தைகள் ‘டோ’வை (நம் ‘ஸ’ போல) எந்தச் சுருதிக்கும் நகர்த்திப் பாடுவதும் இதே எண்ணத்தில்தான். (பிரான்ஸில் டோ என்றால் எப்போதும் சி-தான், அது வேறு மரபு.) ஆப் வாங்குவதென்றால் இந்த ரகமே வாங்குங்கள்.

இனி தம்புரா. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என நான்கு தந்தி. ஜீவா (தந்திக்கு அடியில் செருகும் நூல்) சரியாக வைத்த தம்புராவில் கீழ் ‘ஸ’ ஒலிக்கும் மந்தரத் தந்தியைக் கூர்ந்து கேட்டால், யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் மேலே மெல்லக் கேட்கும். ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். அந்தத் தந்தியின் அதிர்வெண்ணைப் போல ஐந்து மடங்கில் எழும் ஒலி அது. ஓர் அரைச்சுரத்தை 100 சென்ட் என்று வைத்தால் இந்தக் காந்தாரம் ‘ஸ’விலிருந்து 386 சென்டில் நிற்கிறது. கீபோர்டு காந்தாரம் 400. மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பாடமான ஸரளி வரிசை பாடும்போது காந்தாரத்தில் நிறுத்தி, குரலைத் துளி இறக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் குரலும் தந்தியும் மோதும் உதறல் அடங்கி, எது தந்தி, எது குரல் என்று தெரியாமல் போகும். கீபோர்டு ஒலியிலேயே கேள்வி கேட்கும் ஆப் இந்த இடத்தைக் காட்டாது. தோடி ராகத்தின் காந்தாரம் போல ஓரிடத்தில் நிற்கவே நிற்காத சுரம் வந்தால், அசையாத சுரத்தையே கேட்டுப் பழகிய காது இன்னும் திணறும்.

அதற்காகத் தம்புராவுக்கு முழு மார்க் போடமாட்டேன். அது பரீட்சை வைக்காது. வரிசைகள் தலைகீழாகப் பாடத் தெரிந்த பிள்ளையிடம் திடீரென ஒரு தைவதத்தைப் பாடிக்காட்டி ‘என்ன சுரம்?’ என்று கேளுங்கள். உதடு அசையும், ‘ஸ ரி க ம’ என்று அடியிலிருந்து ஏறி வந்துதான் பதில் சொல்லும். அது வரிசையின் நினைவு, சுரத்தின் நினைவு இல்லை. தாட்டு வரிசையில் தாண்டித் தாண்டிப் பாடுவது இதற்கு மருந்து, ஆனால் பல வகுப்புகளில் அதை ஓட்டமாக ஓட்டிவிடுகிறார்கள். இங்கே அந்த இரண்டாவது ரக ஆப் கைகொடுக்கும். பாடுவது தம்புராவோடு, பரீட்சை ஆப்பில் என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சுருதி நினைவைச் சோதிப்பது தனிக் கதை. இரண்டு ஒலியை அடுத்தடுத்து வைத்து ‘உயர்ந்ததா, தாழ்ந்ததா’ என்று கேட்கும் சோதனை காதைத்தான் அளக்கும், நினைவை அல்ல. உளவியலாளர் டயானா டாய்ச் 1970-இல் காட்டியது இது: இரண்டு ஒலிகளுக்கு நடுவே வேறு சுரங்களை நுழைத்தால், அவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லியும் தவறு குவிகிறது, நடுவே எண்களை வாசித்தால் அவ்வளவு பாதிப்பில்லை. ஆகவே இடையில் சுரங்களைப் போட்டுக் குழப்பும் சோதனைக்கே மதிப்பு.

நெடுநாள் நினைவு நாம் நினைப்பதைவிடத் தேவலை. 1994-இல் உளவியலாளர் டேனியல் லெவிட்டின், தெரிந்த பாப் பாட்டுகளைத் துணை ஒலி இல்லாமல் பாடச் சொன்னபோது, 40 சதவீதம் பேர் குறைந்தது ஒரு முறையாவது அசல் சுருதியிலேயே பாடினார்கள். ஐந்தரைக் கட்டையில் தினமும் பாடுகிறவர் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். காலையில் எந்தப் பாட்டும் காதில் விழுமுன் ‘ஸ’ பிடித்துவிட்டு, அப்புறம் சுருதிப் பெட்டியைப் போடுங்கள். இதில் தொண்டைப் பழக்கத்துக்கும் பங்குண்டு, சளி பிடித்த அன்று விடை இறங்கினால் காதைக் குறை சொல்லாதீர்கள். காதை மட்டும் சோதிக்க வேண்டுமானால் வாய் திறக்காமல் மனதுக்குள் ‘ஸ’வை நினைத்துக்கொண்டு பெட்டியைப் போட வேண்டும். இது பாடிப் பிடிப்பதைவிடக் கஷ்டம்.